தீவை விலைக்கு வாங்கலாமா?

2024 ஜனவரியில் பிரதமர் இலட்சத் தீவுகளுக்குச் சென்று வந்தார். வெண்மணற் கரையும் பச்சை நீருமாக அவர் வெளியிட்ட படங்கள் நாடெங்கும் பரவின. அதற்குப் பின் நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு புதிய பேச்சு கிளம்பிற்று. “அங்கே ஒரு காணி நிலம் வாங்கிப் போட்டால் என்ன?” என்பதே அது. பரீட்சையைப் பற்றிப் பேசியவர்களைவிடத் தீவைப் பற்றிப் பேசியவர்களே அதிகம் என்று சொன்னால் மிகையாகாது.

பிறரைக் குறை சொல்வதற்கு முன் என்னைச் சொல்லிவிடுகிறேன். அப்பேச்சைக் கிளப்பியவர்களில் நானும் ஒருவன். நாங்கள் ஐவர். படிப்பு முடிந்து உத்தியோகம் கிடைத்ததும் ஆளுக்கு ஒரு தொகை போடுவது. கடலோரமாகப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதி கட்டுவது. தென்னங்கீற்றுக் கூரை வேய்வது. ஆண்டில் ஆறு மாதம் வாடகை வசூலிப்பது. மீதி ஆறு மாதம் நாமே போய் மீன் தின்று கொண்டு நிம்மதியாக வாழ்வது. இவ்வளவும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவுக் கணக்கோடு எழுதப்பட்டிருந்தது. எழுதியவன் நான்தான்.

அந்த நோட்டுப் புத்தகத்தோடுதான் 2024 டிசம்பரில் மினிக்காய்த் தீவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது நோட்டுப் புத்தகம் இருந்தது, கணக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அந்த ஊரைப் பற்றி நான்கு வார்த்தை. இலட்சத் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் இருப்பது மினிக்காய். கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வட தீவுகளுக்கும் இதற்கும் இடையே ஒன்பது பாகைக் கால்வாய். தெற்கே மாலத்தீவுக்கும் இதற்கும் இடையே எட்டுப் பாகைக் கால்வாய். இரண்டு கால்வாய்களுக்கும் நடுவே தன்னந்தனியாகப் பிறை நிலாவைப் போல் வளைந்து கிடக்கிறது. ஊரார் தம் தீவை மலிக்கு என்கிறார்கள். பேசுவது மஹல் என்னும் மொழி. மாலத்தீவின் திவெஹி மொழியோடு மிக நெருங்கியது. மற்றத் தீவுகளில் மலையாளம் வழங்க, இங்கு மட்டும் இது தனி.

இத்தீவு நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று எண்ண வேண்டாம். 1956 நவம்பர் 1 ஆம் தேதி வரை இலட்சத் தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. மினிக்காய் மலபார் ஜில்லாவோடு இணைக்கப்பட்டிருந்தது. அன்றுதான் இவை மத்திய அரசின் நேர் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம் ஆயின. 1973 இல்தான் இலட்சத் தீவு என்ற பெயரும் வந்தது. தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்து நண்பர்கள் இத்தீவை நாவாலேயே அறிவார்கள். அவர்கள் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு இந்தக் கடலின் சரக்குத்தான்.

எங்கள் வகுப்பில் படிக்கும் தீவு நண்பர் ஒருவர் பொறுப்பேற்றுக் கொள்ள, எனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. இந்த அனுமதி இல்லாமல் வெளியார் அங்கே இறங்க முடியாது. 1967 ஆம் ஆண்டின் நுழைவு, குடியிருப்பு விதிகள் அப்படி. கப்பல் கொச்சியிலிருந்து புறப்பட்டது. ஓர் இரவு முழுவதும் கரை தெரியாத கடல். கப்பலில் என்னோடு வந்தவர்களில் பாதிப்பேர் வைத்தியத்திற்காகக் கொச்சிக்கு வந்து திரும்புகிறவர்கள். மற்றவர்களின் மூட்டைகளில் அரிசி, வெங்காயம், பள்ளிப் புத்தகம், தையல் இயந்திரம், ஒரு குழந்தைத் தொட்டில். தீவில் விளையாதது எல்லாம் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும். தேங்காயும் மீனும் தவிரப் பெரும்பாலானவை அங்கே விளையாதவையே. விளக்கெரிக்கும் மின்சாரத்திற்கான டீசலும் கப்பலில்தான் வருகிறது.

நண்பரின் வீட்டில் தங்கினேன். அவருடைய தந்தையார் வர்த்தகக் கப்பலில் மாலுமி. அப்போது எந்தக் கடலில் இருந்தாரோ! அவ்வூர் ஆண்களில் பலருக்கு அதுதான் தொழில். ஆகவே வீடும் நிலமும் பெண்களின் கையில். தாய் வழியாகவே குடும்பம் எண்ணப்படுகிறது. தீவில் 11 கிராமங்கள்; அவர்கள் மொழியில் ‘ஆவா’. ஒவ்வொன்றுக்கும் ஊரார் தேர்ந்தெடுத்த பெரியவர் ஒருவர் உண்டு. ‘பொடுகாக்கா’ என்பது அவருக்குப் பெயர். கிராமத்திற்கென்று பொது மண்டபம் உண்டு; பந்தயப் படகு உண்டு; பொது வேலை என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்கும் வழக்கம் உண்டு.

மூன்றாம் நாள் மாலை நான் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நண்பரின் தாயார் தேநீர் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லச் சொல்ல, நண்பர் மஹலில் சொன்னார். பன்னிரண்டு அறைகள், கீற்றுக் கூரை, ஆறு மாத வாடகை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், தம்பி?”

“கிணறு வெட்டலாம், அம்மா” என்றேன்.

அவர்கள் சிரிக்கவில்லை. எழுந்து போய் வீட்டுக் கிணற்றை எனக்குக் காட்டினார்கள். ஆள் உயரம்கூட ஆழமில்லை. எட்டிக் குனிந்தால் கைக்குத் தண்ணீர் எட்டும். “இவ்வளவு மேலேயே தண்ணீர் இருக்கிறதே, பிறகென்ன கவலை?” என்றுதான் எனக்குத் தோன்றிற்று. நண்பர் விளக்கினார். அந்த விளக்கத்தில்தான் என் பன்னிரண்டு அறைகளும் இடிந்து விழுந்தன.

பவழப் பாறையும் மணலுமான தீவில் ஆறில்லை, ஏரியில்லை, மலையில்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் உப்புநீரைவிட எடை குறைந்தது அல்லவா? ஆகவே மோரின் மேல் வெண்ணெய் போல மெல்லிய ஒரு படலமாக நிற்கிறது. வாளியால் முகந்தால் அது தாங்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். ஒருவன் கிணற்றில் உப்பு ஏறினால் அது அவனோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். மலக்குழி நீர் மண்ணில் இறங்கினாலும் அப்படியே. நம் ஊரில் என் நிலம் என் பாடு, உன் நிலம் உன் பாடு. அங்கே மேலே வேலிகள் தனித்தனி; அடியிலே தண்ணீர் ஒன்று.

இந்தக் கஷ்டத்தைப் போக்க ஓர் அரிய முயற்சி நடந்திருக்கிறது. அதில் நாம் பெருமைப்படவும் இடமிருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார், கடலின் மேல்மட்டத்து வெந்நீருக்கும் ஆழத்துக் குளிர்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை அமைத்தார்கள். காற்றழுத்தம் குறைந்த கலத்தில் மேல்மட்ட நீர் ஆவியாகிறது. ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றப்பட்ட குளிர்நீர் அந்த ஆவியை மீண்டும் நீராக்குகிறது. 2005 இல் கவரத்தியிலும், 2011 இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இவை நிறுவப்பட்டன. நாளொன்றுக்கு 1,00,000 லிட்டர் தரக்கூடிய நிலையம் மினிக்காயினுடையது.

ஒரு லட்சம் லிட்டர் என்றால் பெரிதாகத் தோன்றும். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மினிக்காயின் மக்கள் 10,447 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்து லிட்டர்கூட வராது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சரியாகப் போகும். என் நோட்டுப் புத்தகத்தில் விடுதியில் தங்குகிறவருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று நானே எழுதியிருந்தேன். பன்னிரண்டு அறைகளில் இருபத்து நான்கு பேர், 4,800 லிட்டர். அதாவது தீவில் 500 பேருக்குக் கிடைக்கும் குடிநீருக்குச் சமம்! குளிப்பதற்குக் கிணற்று நீர் போதும் என்று சமாதானம் சொல்லிக் கொண்டாலோ, அந்தக் கிணற்றின் கதையைத்தான் மேலே சொன்னேனே.

அன்றிரவே நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

நண்பர்களே, நம்மில் பலர் தீவு என்றாலே ஆளில்லாத இடம் என்று எண்ணுகிறோம். படங்களில் மனிதர்களைக் காணோம். மணலும் தென்னையும் மட்டும் தெரிகின்றன. உண்மை என்ன? மினிக்காயின் பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அதே 2011 கணக்கில் நம் தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். நம் நாட்டைவிட நான்கு மடங்கு நெருக்கமான ஓர் ஊரைப் பார்த்துத்தான், “வெறுமையாகக் கிடக்கிறதே, வாங்கிப் போடலாமே” என்று பேசிக் கொண்டிருந்தோம்.

வாங்கவும் முடியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1964 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், பழங்குடியினரான தீவு மக்களின் நிலம் வெளியாருக்குக் கைமாறுவதைத் தடுக்கிறது. பொதுவாக, தீவில் பிறந்து, தாய் தந்தை இருவரும் தீவிலேயே பிறந்திருந்தால் ஒருவர் அங்கே அட்டவணைப் பழங்குடியினர் ஆவார். மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்களே.

இதைக் கேட்டதும் எங்கள் ஐவரில் ஒருவர் கொதித்தார். “ஒரே தேசம் என்கிறோம். நான் இந்தியன். என் நாட்டின் ஒரு பகுதிக்குப் போக அனுமதிச் சீட்டு! நிலம் வாங்கத் தடை! இது என்ன நியாயம்?” என்றார். அவர் சட்டம் பயில்கிறவர். நம் விடுதியில் இன்னும் பலருக்கும் இதே எண்ணம் இருக்கக் கூடும். ஆகவே அதற்கு விடை சொல்ல வேண்டும்.

எங்கும் செல்லவும் எங்கும் குடியேறவும் உள்ள உரிமையை அரசியல் சட்டத்தின் 19 ஆவது விதி தருகிறது. அதே விதியின் ஐந்தாவது உட்பிரிவையும் படிக்க வேண்டும். பொதுமக்கள் நலனுக்காகவோ, அட்டவணைப் பழங்குடியினரின் நலனைக் காப்பதற்காகவோ அந்த உரிமைகளின் மேல் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் நம் நண்பரைவிடக் குறைந்த தேசபக்தி உடையவர்கள் அல்லர். பெரிய மீனுக்கும் சிறிய மீனுக்கும் ஒரே குளத்தில் ஒரே சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டத்தை விட்டு அநுபவத்திற்கு வருகிறேன். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் என் பெரியப்பாவுக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, விலை ஏறிற்று, விற்றார். கிடைத்த பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்தார், மீதி கரைந்தது. கடைசிக் காலத்தில் அதே தோப்பில் எழும்பிய பங்களாவின் வாசலில் காவற்காரராக உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆயினும், விற்ற பிறகு அவருக்குப் பக்கத்து ஊர் என்று ஒன்று இருந்தது. அங்கே ஒரு வீட்டைக் குடிக்கூலிக்குப் பிடித்துக் கொண்டார். மினிக்காயில் ஒருவர் விற்றுவிட்டால் அவருக்குப் பக்கத்து ஊர் எது? நாற்புறமும் கடல்தானே! அதனால்தான் அங்கே நிலத்தை விற்பது தனி மனிதரின் வியாபாரமாக முடிவதில்லை.

“மாலத்தீவைப் பாருங்கள். அவர்கள் சுற்றுலாவால்தானே செழித்தார்கள்?” என்று இன்னொரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. 1972 இல் மாலத்தீவில் முதல் உல்லாச விடுதி தொடங்கியது. அந்நாடு அதனால் பெரும் வருமானம் கண்டது என்பதும் உண்மை. ஆனால் மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை சுமார் 200. ஆகவே ஆளில்லாத் தீவை விடுதிக்கு விட்டு, ஆளுள்ள தீவை ஊருக்கு விட அவர்களால் முடிந்தது. இலட்சத் தீவில் மொத்தம் 36 தீவுகள். மக்கள் வாழ்பவை 10. எல்லாவற்றின் நிலப்பரப்பும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர். அண்ணன் வீட்டுப் பந்தியைப் பார்த்துத் தம்பி வீட்டு அரிசிப் பானையை அளக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. தீவின் சொத்து நிலம் என்று நாம் நினைக்கிறோம். மினிக்காய் மீனவர்களோடு ஒரு நாள் விடியற்காலை படகில் போனேன். அவர்கள் முதலில் நடுக்கடலுக்குப் போகவில்லை. தீவுக்கும் பவழத் திட்டுக்கும் இடையே உள்ள அமைதியான உள்கடலில் சிறு வலை விரித்து, விரல் நீளப் பொடிமீன்களை உயிரோடு பிடித்தார்கள். படகின் அடியில் கடல்நீர் வந்து போகும் தொட்டியில் அவற்றை விட்டார்கள். பிறகே வெளிக்கடலுக்குச் சென்றார்கள். சூரை மீன் கூட்டத்தைக் கண்டதும் பொடிமீன்களை அள்ளி வீசி, கடலின் மேல் தண்ணீரைப் பீச்சினார்கள். இரை துள்ளுகிறது என்று சூரைகள் மேலே வந்து மொய்த்தன. கொக்கியில் முள்ளில்லாத தூண்டிற்கோல்களால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் எறிந்தார்கள். வலையால் கடலை வழித்தெடுக்காத முறை இது. வேண்டாத மீன் சிக்குவதும் மிகக் குறைவு.

பிடித்ததில் பச்சையாக விற்றது போக மீதி வேக வைக்கப்பட்டு, புகையூட்டப்பட்டு, வெயிலில் காய்ந்து மரக்கட்டை போல் இறுகி மாசியாகிறது. குளிர்சாதனம் இல்லாத காலத்திலேயே கண்டுபிடித்த சேமிப்பு முறை. இந்தத் தொழில் முழுவதும் அந்தப் பொடிமீனில் நிற்கிறது. பொடிமீன் பவழத்தில் நிற்கிறது. பவழமோ 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் வெளுத்து, பெருமளவு மடிந்து, மெல்ல மெல்லத் தேறி வரப் பாடுபடுகிறது. இந்த உள்கடலில் கம்பம் நட்டு ‘நீர்மேல் மாளிகை’ கட்டுவதுதான் இன்று பேசப்படும் திட்டம். நிதி ஆயோக்கின் சுற்றுலாத் திட்டத்தில் கட்மத், சுகேலி ஆகியவற்றோடு மினிக்காயும் இடம் பெற்றது. தீவின் வங்கி அந்த உள்கடல். வங்கியின் பெட்டகத்தின் மேல் ஹோட்டல் கட்டலாமா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1964 இன் சட்டம் என்னைப் போன்ற மாணவனைத் தடுக்கும். என் பெரியப்பாவின் தோப்பை வாங்கியவரைப் போன்ற தனியாரையும் தடுக்கும். ஆனால் அரசாங்கமே நிலத்தை எடுத்துக் குத்தகைக்கு விட முன்வந்தால், பெரிய முதலாளிக்கு முன்வாசல் திறந்துவிடும். 2021 இல் இலட்சத் தீவு வளர்ச்சி அதிகார அமைப்பு பற்றிய வரைவுச் சட்டம் வெளியானபோது தீவு மக்கள் கலங்கியது இதனால்தான். வளர்ச்சித் திட்டத்திற்கென்று எந்த நிலத்தையும் வளைத்துக் கொள்ள அது வழி செய்கிறது என்று அஞ்சினார்கள். அவ்வாண்டு மே 31 ஆம் தேதி கேரள சட்டசபை அவர்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் செய்தது. ஜூன் 7 ஆம் தேதி தீவு மக்கள் தம் வீட்டு வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். சிறியவனுக்கு ஒரு நீதி, பெரியவனுக்கு ஒரு நீதி என்றால் அந்தக் காவல் காவலாகாது. எங்கள் பன்னிரண்டு அறைகளுக்குப் பொருந்தும் தண்ணீர்க் கணக்கு நூறு அறைகளுக்குப் பொருந்தாமற் போகுமா?

அப்படியானால் தீவை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்கிறேனா? இல்லவே இல்லை. அது இன்னொரு வகை அகம்பாவம். நாம் நகரத்தில் எல்லா வசதிகளோடும் வாழ்ந்து கொண்டு, “நீங்கள் மட்டும் பழைமை மாறாமல் இருங்கள், நாங்கள் விடுமுறைக்கு வந்து பார்த்துப் போகிறோம்” என்று சொல்வது பண்பன்று. தீவு மக்களுக்கு வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. கப்பலில் இடம் கிடைப்பது அரிது. கடுமையான நோய் என்றால் ஹெலிகாப்டரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்படிப்புக்குக் கடல் தாண்ட வேண்டும். என் நண்பர் இவ்வளவு தூரம் வந்து நம்மோடு படிப்பதும் அதனால்தான்.

ஆகவே முதலீடு செய்யத்தான் வேண்டும். எதில் என்பதே கேள்வி. தீவைக் கரையோடு சேர்ப்பவற்றில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கப்பல், பனிக்கட்டி நிலையம், மீன் கெடாமல் காக்கும் குளிர்க் கிடங்கு, குடிநீர், டீசலைக் குறைக்கும் சூரிய மின்சாரம், குப்பையைத் தீவிலேயே புதைக்காமல் கரைக்குக் கொண்டு வரும் ஏற்பாடு ஆகிய இவற்றில் போடும் ஒரு ரூபாய், நிலத்தில் போடும் நூறு ரூபாயைவிட அவர்களுக்கு உதவும். விருந்தினர் தங்க வசதி வேண்டுமென்றால், ஊராரே தங்கள் வீட்டில் ஓர் அறை விடட்டும். கிராமமே கணக்குப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யட்டும். பொது வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பும் ஊருக்கு இது கடினமா?

பணமில்லாத மாணவர்கள் நாம் என்ன செய்வது? பொறியியல் படிக்கிறவர்கள் பள்ளிக்கரணைக்காரர்கள் தொடங்கிய வேலையைத் தொடரலாம். அந்த நிலையத்தை டீசல் இல்லாமல் ஓட்ட வழி கண்டுபிடிக்கலாம். வாணிபம் படிக்கிறவர்கள் மாசிக்கு நல்ல விலை கிடைக்க வழி தேடலாம். இடைத்தரகர் கையில் சிக்காமல் மினிக்காயின் பெயராலேயே அது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போக வேண்டும். தீவின் நிலத்தை நாம் வாங்க வேண்டாம். தீவின் மாசியை வாங்குவோம். நிலத்தை வாங்கினால் அது அவர்களிடம் இல்லாமற் போகும். மாசியை வாங்கினால் நாளையும் பிடிப்பார்கள்.

பிரயாணம் போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் விருந்தாளியாகப் போங்கள். கப்பலில் போங்கள், அப்போதுதான் அந்த ஊர் எவ்வளவு தொலைவு என்பது உடலுக்குத் தெரியும். அங்கே கிடைப்பதை உண்ணுங்கள். வாளித் தண்ணீரில் குளியுங்கள். நீங்கள் கொண்டு போன புட்டியையும் பையையும் நீங்களே திருப்பிக் கொண்டு வாருங்கள். பவழத் துண்டு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும். பெண்களைக் கேளாமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் அந்த ஊரின் வேடிக்கைப் பொருள் அல்லர், அந்த ஊரை நடத்துகிறவர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியைத் தீவுகளுக்காகவே சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் புறப்பட்ட அன்று நண்பரின் தாயார் ஒரு துணிப்பையில் நான்கு மாசிக் கட்டைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். விலை கேட்டேன். “வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் விலையா?” என்றார்கள். “அடுத்த முறை வரும்போது உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். நிலம் வேண்டாம், இந்த வீடு இருக்கிறது.” கப்பலின் மேல்தளத்தில் நின்று, 1885 இல் கட்டிய அந்த வெள்ளைக் கலங்கரை விளக்கம் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக் கொண்டு வந்தேன். ஐந்து பேர் பணம் போட்டு வாங்க நினைத்த உரிமை ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது.

எங்கள் ஐவரில் மூவர் என் பக்கம் வந்துவிட்டார்கள். சட்டம் பயிலும் நண்பர் மட்டும் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார். அவர் தம் மறுப்பை அடுத்த இதழில் எழுதட்டும். ஆனால் எழுத உட்காரும் முன் ஒரு நாள் மட்டும் பத்து லிட்டர் தண்ணீரில் குடித்து, சமைத்து, முகம் கழுவிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று அவரைக் கேட்டுக் கொள்கிறேன்.